ராத்திரி மாத்திரை உடனே கேட்கிறது, காலை மாத்திரை கேட்கவில்லையே?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. அம்மாவுக்கு 61 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதன்பிறகு அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்துவிடுகிறார். "அவரோடயே நானும் போயிருக்கலாம்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். மனநல மருத்துவரிடம் காட்டினோம். மனச்சோர்வு என்று சொல்லி, காலையில் எஸ்சிடலோப்ராம் 5 மி.கி., ராத்திரி க்ளோனாசெபாம் 0.5 மி.கி. எழுதிக் கொடுத்தார். ராத்திரி மாத்திரை முதல் நாளே கேட்டது, நன்றாகத் தூங்கினார். காலை மாத்திரையில் வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். ஒன்பதாம் நாள் அதை நிறுத்திவிட்டார். ராத்திரி மாத்திரையை இரண்டு வாரத்துக்குத்தான் எழுதியிருந்தார்கள். தெருமுனை மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி, இப்போது ஐந்து வாரம் ஆகிறது. போன வாரத்திலிருந்து ஒன்றரை மாத்திரை கேட்கிறார். பெரியப்பா, "செரட்டோனின் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்" என்கிறார். தம்பி, "செரட்டோனின் கதையே பொய் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு வீடியோவைக் காட்டுகிறான். இந்த மாத்திரைகள் மூளைக்குள் என்னதான் செய்கின்றன? எனக்குப் புரிந்தால்தான் அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல முடியும். மூட்டு வலிக்கும் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். காபியை நிறுத்த வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கத்துக்குப் போவதற்கு முன்னால் இரண்டு விஷயம். இதைப் படித்துவிட்டு ராத்திரி மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரமே அதே மருத்துவரிடம் அம்மாவை அழைத்துப் போங்கள். அதுவரை முதலில் எழுதிய அளவைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது, "போயிருக்கலாம்" என்று அவர் சொன்னது. அதை ஆதங்கம் என்று ஒதுக்கிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதாம்மா? ஏதாவது செஞ்சுக்கணும்னு நெனச்சீங்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்கு யாரோ கேட்டார்களே என்று பாரம்தான் குறைகிறது. மாத்திரை அட்டைகள் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். பதில் உங்களைக் கலக்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அவரைத் தனியாக விட வேண்டாம். ராத்திரி நேரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

சரி, இப்போது மூளை.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லுக்குள் செய்தி மின்சாரமாக ஓடுகிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு செல் அடுத்த செல்லைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு சந்து இருக்கிறது. நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, அவ்வளவுதான் அகலம். செல்லின் நுனி, சந்து, எதிர்க்கரை எல்லாம் சேர்ந்த இந்தச் சந்திப்புக்குத்தான் சினாப்ஸ் என்று பெயர். மின்சாரம் இந்தச் சந்தைத் தாண்டாது. செல்லின் நுனிக்கு அது வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அங்கே காத்திருக்கும் நுண்ணிய பைகள் வெடித்தாற்போல் திறந்து, ஒவ்வொரு பையிலிருந்தும் சில ஆயிரம் மூலக்கூறுகள் சந்தில் கொட்டுகின்றன. எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் அவை போய் உட்கார்ந்தால், அந்தச் செல்லில் மறுபடி மின்சாரம் கிளம்பும், அல்லது கிளம்பவிருந்தது அடங்கும். எல்லாம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடுகிறது.

செய்தி வேதிப்பொருளாகத்தான் கடக்கிறது என்பது நூறு வருடங்களுக்கு முன் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மின்பொறிதான் தாவுகிறது என்று ஒரு கட்சி அடித்துச் சொன்னது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் பேராசிரியருக்கு ஒரு ராத்திரி கனவில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து கிறுக்கி வைத்தார்; காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு அதே கனவு. உங்கள் அம்மா விழிக்கும் அதே மூன்று மணி. இந்தத் தடவை அவர் எழுதி வைக்கவில்லை, நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார். யாரும் தொடாத அந்த இதயமும் துடிப்பைக் குறைத்துக்கொண்டது. நரம்பு ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டிருக்கிறது! 1921-ல் இதை வெளியிட்டார், 1936-ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருள்தான் அசிடைல்கோலின். மூளையை மாற்றும் மருந்துகளில் பெரும்பாலானவை நுழைவது இந்த வழியாகத்தான். மின்சாரமாக மட்டும் இருந்திருந்தால் மாத்திரைக்கு அங்கே அவ்வளவு வேலை இருந்திருக்காது.

கொட்டிய பொருள் அங்கேயே கிடந்தால் அடுத்த செய்தி குழம்பிவிடும். அதனால் உடனே துப்புரவு நடக்கிறது. சில பொருள்களை நொதிகள் உடைத்துவிடுகின்றன. செரட்டோனின் போன்றவற்றை, கொட்டிய செல்லே ஒரு புரதத்தை வைத்து வாரி உள்ளே இழுத்துக்கொள்கிறது, மறுபடி பையில் நிரப்பி வைக்க. உங்கள் அம்மாவின் காலை மாத்திரை அடைப்பது இந்த வாரும் வழியை. எஸ்சிடலோப்ராம் செரட்டோனினைத் தயாரிப்பதும் இல்லை, கொண்டுவந்து சேர்ப்பதும் இல்லை. கொட்டியது சந்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும்படி பார்த்துக்கொள்கிறது.

இந்த அடைப்பு முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. அப்படியானால் பலன் மட்டும் ஏன் வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது? உங்கள் கேள்வியின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டு மாடியில் தண்ணீர் டேங்க் இருக்கும். நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவையும் இருக்கலாம். செரட்டோனினை அனுப்பும் செல்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில் கொத்தாக இருக்கின்றன. மூளையின் அளவோடு பார்த்தால் சொற்பம். ஆனால் அவற்றின் கிளைகள் போகாத இடம் இல்லை. அந்தச் செல்களின் உடம்பிலேயே மிதவை மாதிரி ஒரு ஏற்பி இருக்கிறது. சுற்றிலும் செரட்டோனின் மட்டம் ஏறினால், "போதும்" என்று செல்லின் வேகத்தைக் குறைத்துவிடும். மாத்திரை வடிகாலை, அதாவது அந்த வாரும் வழியை, அடைக்கிறது, மட்டம் ஏறுகிறது, மிதவை மோட்டாரை நிறுத்துகிறது. முதல் நாள்களில் மருந்து ஒரு பக்கம் இழுக்க, மூளை மறுபக்கம் இழுக்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் அந்த மிதவை ஏற்பிகள் மரத்துப்போகின்றன. மோட்டார் பழைய வேகத்துக்கு வருகிறது, வடிகாலோ இன்னும் அடைபட்டே இருக்கிறது. அப்போதுதான் எதிர்க்கரைக்கு உண்மையிலேயே கூடுதல் செய்தி போகிறது. அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. செல்களுக்குள் மரபணு அளவில் சில மாற்றங்கள் தொடங்குகின்றன, புதிய இணைப்புகள் வளர உதவும் புரதங்கள் கூடுகின்றன. துவண்ட செடிக்குத் தண்ணீர் விட்டால் மண் உடனே நனைந்துவிடும். இலை விடுவதற்கு நாள் ஆகும்.

ஒன்பதாம் நாளில் அம்மா நிறுத்தியது மிதவை இன்னும் மரத்துப்போகாத நேரத்தில். வயிற்றுப் புரட்டலை முழுசாக அனுபவித்துவிட்டு, பலன் எட்டிப் பார்க்கும் முன் கிளம்பிவிட்டார். என்னிடம் வருபவர்களில் எத்தனையோ பேர் இதே இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், நான்கிலிருந்து ஆறு வாரம் போனால்தான் மருந்து கேட்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியும் என்பதைச் சீட்டு எழுதும்போதே நாங்கள் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் நானே அதை விட்டிருக்கிறேன்.

அந்த வயிற்றுப் புரட்டலுக்கும் காரணம் செரட்டோனின்தான். உடம்பில் இருக்கும் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. மாத்திரைக்குக் குடல் எது, மூளை எது என்று தெரியாது. சாப்பிட்ட பிறகு போட்டால் தொல்லை குறையும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அதுவே அடங்கிவிடும்.

பெரியப்பா சொல்லும் டெஸ்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரத்தத்தில் அளப்பது குடலில் உண்டாகி ரத்தத் தட்டணுக்களில் ஏறிக்கொண்ட செரட்டோனினை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது போக முடியாது. நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. அதை அளந்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. காசை அதில் போடாதீர்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள், அவை குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே தெரியலாம். காலை மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால் சில வாரத்தில் சோடியமும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்துகளில் சோடியம் இறங்குவதுண்டு. திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தம்பி காட்டிய வீடியோ பாதி உண்மை. ஒரு பொருள் குறைந்துபோனதுதான் மனச்சோர்வு என்ற எண்ணம் எப்படி வந்தது என்று பார்த்தால், அதில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் இருக்கிறது. சர்ப்பகந்தா. அதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1949-ல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார்; உலகமே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து பிரித்த ரிசர்பின் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்துபோனார்கள். நரம்பு செல்லின் பைகளில் செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமைன் எதுவும் தங்கவிடாமல் ரிசர்பின் காலி செய்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1952 வாக்கில், நியூயார்க்கின் ஒரு காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுத்தபோது, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாடினார்கள். அது இதே பொருள்களை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. காலி செய்தால் சோர்வு, தேக்கினால் உற்சாகம். அப்படியானால் நோயே குறைபாடுதான் என்று 1960-களில் முடிவுக்கு வந்தார்கள். கேட்கச் சுலபமாக இருந்ததால் அது பரவியது. "சர்க்கரைக்கு இன்சுலின் மாதிரிம்மா இது" என்று நானும் வருடக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

2022-ல் லண்டனைச் சேர்ந்த ஜோஅன்னா மான்கிரீஃபும் அவருடைய குழுவும் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரட்டோனின் குறைவாக இருப்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். வீடியோக்கள் கிளம்பியது அதிலிருந்துதான். ஆனால் நோய்க்குக் காரணம் என்ன என்பது ஒரு கேள்வி, மருந்து கேட்கிறதா என்பது இன்னொரு கேள்வி. பாராசிட்டமால் குறைந்ததால் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை, போட்டால் காய்ச்சல் இறங்குகிறது. இரண்டாவது கேள்விக்கு 2018-ல் லான்செட் இதழில் ஒரு பெரிய தொகுப்பு வந்தது: 522 ஆய்வுகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். இருபத்தொன்றுமே வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. எவ்வளவு மேல் என்றால், சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். அதையும் மறைக்க வேண்டியதில்லை. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் நல்லது. துணையை இழந்த துக்கத்துக்கு மாத்திரை கிடையாது. அந்தத் துக்கத்தோடு பசி போய், தூக்கம் போய், வாழவே வேண்டாம் என்ற பேச்சும் வந்த பிறகு மருந்தைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி ராத்திரி மாத்திரை. அது முதல் நாளே கேட்டதும் சினாப்ஸின் கணக்குதான். மூளையில் செல்களைக் கிளப்பிவிடும் முக்கியப் பொருள் குளூட்டமேட். அடக்கும் முக்கியப் பொருள் காபா. காபா தன் ஏற்பியில் உட்கார்ந்ததும் ஒரு சின்ன வாசல் திறந்து குளோரைடு உள்ளே போகிறது. செல் சீக்கிரம் கிளம்பாது. க்ளோனாசெபாம் அதே ஏற்பியின் பக்கவாட்டில் வேறொரு இடத்தில் ஒட்டிக்கொண்டு, காபா வரும்போதெல்லாம் வாசல் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. தானே பிரேக்கை மிதிப்பதில்லை, மிதிக்கும் காலுக்குப் பலம் கொடுக்கிறது. இதற்கு மிதவை மரத்துப்போகக் காத்திருக்க வேண்டியதில்லை. வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரும் நேரம்தான். அதனால்தான் காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு ஊன்றுகோலாக அதை எழுதுகிறோம். உங்கள் வீட்டில் ஊன்றுகோல் தங்கிவிட்டது, கால் போய்விட்டது.

பிரேக் எந்நேரமும் இறுகியே இருந்தால் மூளை சும்மா இருக்காது. காபா ஏற்பிகள் மந்தமாகின்றன, குளூட்டமேட் பக்கம் வேகம் கூடுகிறது. நேற்று ஒரு மாத்திரைக்கு வந்த தூக்கம் இன்று ஒன்றரைக்குத்தான் வருகிறது. அம்மா அடம் பிடிப்பதாக நினைக்காதீர்கள், அவருடைய சினாப்ஸ்கள்தான் அந்த அரை மாத்திரையைக் கேட்கின்றன. இந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் பிரேக் போய், ஆக்ஸிலரேட்டர் மட்டும் மிச்சமிருக்கும்: தூக்கமே வராது, படபடப்பு, கை நடுக்கம், அபூர்வமாக வலிப்புகூட வரலாம். ஐந்து வாரம் என்பது பயப்படும் அளவுக்கு நீண்ட காலம் இல்லை. மருத்துவர் கால் கால் மாத்திரையாகக் குறைத்துக்கொண்டு வருவார். எத்தனை வாரத்தில் என்பதை அவர் அம்மாவைப் பார்த்து முடிவு செய்யட்டும். இன்னொன்று, இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். பகலிலும் மந்தமாக இருக்கும். ராத்திரி கழிப்பறைக்கு எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட அம்மாக்களை நிறையப் பார்த்துவிட்டேன். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

பழைய சீட்டுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்த கடைக்காரர் செய்தது தவறு. உங்களை மேற்கொண்டு திட்டப்போவதில்லை.

"அடிமையாக்கும்" என்ற பேச்சு இரண்டு மாத்திரைக்கும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. காலை மாத்திரைக்கு ஏங்குவது, அளவைக் கூட்டிக்கொண்டே போவது இதெல்லாம் கிடையாது. ஆனால் மாதக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், உடம்பில் சுருக்கென்று ஷாக் அடித்தாற்போல் உணர்வு வரும். மூளை அந்த மட்டத்துக்குப் பழகியிருப்பதுதான் காரணம். அதையும் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் குணமான பிறகு குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்துவிட்டு.

மருத்துவரிடம் போகும்போது மூட்டு வலி மாத்திரையின் அட்டையையும் கொண்டு போங்கள். ரத்தத் தட்டணுக்களும் செரட்டோனினைப் பயன்படுத்துகின்றன என்பதால், எஸ்சிடலோப்ராமோடு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடும். அதைவிட முக்கியம், வலி மாத்திரையில் டிராமடால் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அதுவும் செரட்டோனினை ஏற்றிவிடும். இரண்டும் சேர்ந்து நடுக்கம், வியர்வை, காய்ச்சல் வந்தால் அது அவசர சிகிச்சைக்குரிய விஷயம். மூட்டுக்கு எதைப் போடலாம் என்று அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் எஸ்சிடலோப்ராமை நீங்களாகவே மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள், எந்த அளவில் தொடங்குவது என்று அவரே சொல்வார். அவர் இசிஜி எடுக்கச் சொன்னாலும் பதற வேண்டாம், இந்த வயதில் அது வழக்கமான முன்னெச்சரிக்கை.

கடைசியாகக் காபி. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது, அது தன் ஏற்பியில் உட்கார்வதால்தான் கண்ணைச் சொக்குகிறது. காபியில் இருக்கும் கஃபீன் அந்த இருக்கையில் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். தூக்கக் கலக்கம் போகவில்லை, நிற்க வைக்கப்பட்டிருக்கிறது. பாதி கஃபீன் வெளியேறவே ஐந்து மணி நேரம்போல ஆகும். காலைக் காபியை அம்மா தாராளமாகக் குடிக்கட்டும். மாலையில் ஆறு மணிக்குக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை இரண்டு மணிக்கு முன்னால் நகர்த்திவிடுங்கள், ராத்திரி மாத்திரையைக் குறைக்கும் வாரங்களில் அது கை கொடுக்கும்.